புதுப்பிப்பு: நீர்ப் பூங்காவை விட்டுவிட்டு காலிக்குப் போனோம்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: ஐந்து பேர் கொண்ட குடும்பம், பெரிய நீர்ப் பூங்காவுக்கு நுழைவுச்சீட்டே கட்டுப்படியாகாது, கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வேறு எங்கே போகலாம் என்று. பலர் சொன்னது தெற்கே கடலோரத்தில் இருக்கும் காலி நகரம். சரி என்று கிளம்பினோம்.

கொழும்பு கோட்டை நிலையத்தில் ரயில் ஏறி மூன்றாம் வகுப்பில் வலப்பக்க யன்னலைப் பிடித்தோம். கடல் அந்தப் பக்கம்தான். பாணந்துறை வரும் வரை சின்னவன் வாயே மூடவில்லை.

காலிக் கோட்டை மதிலில் நடக்கக் காசு இல்லை. 1988இலிருந்து உலக மரபுரிமைத் தலம். சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று மூன்று கொத்தளங்களுக்குப் பெயர். பிள்ளைகள் ஆளுக்கொன்றைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பழைய வாசலின் உட்புறத்தில் ஒல்லாந்தர் (டச்சு) கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் 1669 என்ற ஆண்டும் இருக்கின்றன, மேலே ஒரு சேவல். மகள் அதைத்தான் வீட்டுக்கு வந்தும் வரைந்துகொண்டிருக்கிறாள்.

தவறு ஒன்று செய்தேன். மதியம் பன்னிரண்டுக்கு மதிலில் ஏறியது. நிழலே இல்லை, அம்மாவுக்குத் தலை சுற்றியது. நாலு மணிக்குமேல் ஏறுங்கள். சாப்பாடு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். கோட்டைக்குள் ஒரு கடையில் தேநீர் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம்.

அப்புறம், ஒருவர் சொன்ன, கொழும்புக்குப் பக்கத்தில் கோட்டேயில் இருக்கும் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு அடுத்த ஞாயிறு காலை போகிறோம்.