ஆறு லட்ச ரூவா ட்ரிப்பும் அண்ணன் கை நடுக்கமும்: எங்க குடும்பக் குரூப்புல

கணேசன்: (ஃபார்வர்டு) "கை நடுக்கமா? கவலை வேண்டாம்! நானோ ஸ்டெம்செல் முறையில் பார்க்கின்சன் நோய்க்கு நிரந்தரத் தீர்வு. ஆபரேஷன் இல்லை. மூன்றே ட்ரிப். இம்மாதம் மட்டும் சலுகை!!"

கணேசன்: மதினி, பாத்தியளா? அண்ணனுக்காவ போன் போட்டுக் கேட்டேன். நம்ம இடுப்பெலும்புல இருந்தே செல்லு எடுத்து கையில ட்ரிப்பா ஏத்துவாங்களாம். எல்லாஞ் சேத்து ஆறு லட்சம். முன்னீர்பள்ளத்து வயலக் குடுத்தா வந்துரும்.

இசக்கியம்மாள்: சட்டைப் பொத்தான்கூட நாந்தான் மாட்டி விடுதேன் தம்பி. ஒரு பொத்தானப் புடிச்சிக்கிட்டு அப்பிடியே நிப்பாவ. கொணமாவும்னா வயல் என்ன பெரிய வயல்.

மாரி: சித்தப்பா, அவசரப்படாதிய. ஏட்டி பேச்சி, நீ இந்த நானோலதான படிச்சிக்கிட்டு கெடக்க?

பேச்சி: பாத்தேன் அண்ணே. ஸ்டெம்செல்லுன்னா வேற செல்லா மாறக்கூடிய மூலச்செல்லு. அந்த ஆராய்ச்சி நெசம். இவங்க விக்குத சரக்கு வேற.

பேச்சி: ஜப்பான்ல கியோட்டோ பல்கலைக்கழகத்துல 2018ல ஆரம்பிச்சாங்க. முடிவு வந்தது 2025 ஏப்ரல்ல. மொத்தமே 7 பேரு. பார்க்கின்சன்ல மூளைக்குள்ள கொறைஞ்சு போறது டோபமைன்ங்கிற பொருளு. அதச் சுரக்குத செல்லா மாறப்போறத லேப்ல வளத்து, மண்டையில தொளை போட்டு மூளைக்குள்ளயே வச்சாங்க. வேத்தாள் செல்லு, அதனால எதிர்ப்புசக்தியக் கொறைக்க மருந்து வேற. ரெண்டு வருசத்துல பெரிய கெடுதல் இல்ல. பலன 6 பேருட்டதான் அளந்தாங்க, மாத்திரை வேலை செய்யாத நேரத்துல அதுல 4 பேருக்கு முன்னேற்றம்.

கணேசன்: அதத்தானட்டி நானும் சொல்லுதேன்!

பேச்சி: அங்க மூளைக்குள்ள வச்சாங்க சித்தப்பா. இங்க கையில ட்ரிப்பா ஏத்துதாங்க. செல்லும் வேற. ரத்தத்துல விட்டா பெரும்பாலும் நுரையீரல்ல போயி சிக்கிக்கிடும்.

மாரி: அப்பம் நானோ?

பேச்சி: மில்லிமீட்டர 10 லட்சமாப் பிரிச்சா ஒரு நானோமீட்டர். மூளை ரத்தக்குழாய் கண்ட மருந்தையும் உள்ள விடாது. அதத் தாண்டத்தான் மருந்தக் கொழுப்புத் துளிக்குள்ள அடைச்சு எலிக்குப் போட்டுப் பாக்காங்க. பரம்பரையா வார ஒரு நரம்பு நோவுக்கு பாட்டிசிரான்னு ஊசி, அதுவும் கொழுப்புத் துளிதான். 2018லயே அமெரிக்காவுல அனுமதி குடுத்தாச்சு. ஆனா அது போறது ஈரலுக்கு. நரம்பக் கெடுக்குத புரதம் அங்கனதான் உண்டாவுது.

கணேசன்: எது சொன்னாலும் ஒரு ஆனா வச்சிருக்க. சும்மாவா ஆறு லட்சம் கேப்பான்?

பேச்சி: துட்டு கேக்கதுதான் தப்பு. மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஐசிஎம்ஆர் 2017ல போட்ட வழிகாட்டுதல்படி சில ரத்த நோவுக்கு மட்டுந்தான் ஸ்டெம்செல்ல வைத்தியமாக் குடுக்கலாம். மத்ததெல்லாம் ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கு நோயாளிட்ட துட்டு வாங்கப்படாது. மருத்துவ ஆராய்ச்சியப் பதியுத சிடிஆர்ஐங்கிற பதிவேட்டுல பதிஞ்சிருக்கணும். அந்த நம்பரக் கேளுங்க.

கணேசன்: (20 நிமிசம் கழிச்சு) கேட்டேன். "நேர்ல வாங்க சார், பேசிக்கிடலாம்"ங்கான்.

மாரி: நல்லா பேசுவான்.

பேச்சி: பெரியம்மா, மாத்திரை எப்பம் குடுக்கிய?

இசக்கியம்மாள்: காலைல ரெண்டு அவிச்ச முட்டை, ஒரு தம்ளர் பாலு. வெறும் வயித்துல ஆவாதுன்னு அதுக்கு மேலதான். பத்து மணி வரைக்கும் கை நிக்காது.

பேச்சி: அடக்கடவுளே. டோபமைன நேராக் குடுத்தா மூளைக்குள்ள போவாது, அதான் உள்ள போயி டோபமைனா மாறுத லெவோடோபா மாத்திரையாக் குடுக்காங்க. புரதச்சத்து உள்ள போற வழிலதான் அதும் போவணும். முட்டையும் பாலும் முந்தி ஏறி சீட்டப் புடிச்சிட்டா மாத்திரை ஸ்டாண்டுலயே நிக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாலன்னுதான் பொதுவா சொல்லுவாங்க. நீங்களா மாத்தண்டாம், டாக்டர்ட்ட கேட்டுட்டு மாத்துங்க. நிறுத்த மட்டும் செஞ்சிராதிய, ஆபத்து.

இசக்கியம்மாள்: ஐயோ. மூணு வருசமா முட்டையோடல்லா குடுக்கேன்.

சுடலைமுத்து: வயல் விக்கண்டாம். முட்டைய ராத்திரி தா

மாரி: அப்பா முழிச்சிருக்காவ போல! திங்கக்கிழமை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அம்மா, சீட்டு, மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு வைங்க.

கணேசன்: கார் நான் எடுத்துட்டு வாரேன், ஆட்டோ வேண்டாம். பேச்சி, அந்த ஜப்பான்காரன் இங்கன எப்பம் வாரான்னு மட்டும் பாத்துக்கோட்டி.