பேலட் ஷட்டில் சாயங்காலமானால் லேன் நடுவில் நின்றுவிடுகிறது, உதவி தேவை

பல்லடம் குடோன்:
வணக்கம்ங்க. பல்லடம் பக்கம் ஒரு நூல் குடோனில் சூப்பர்வைசராக இருக்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகிற கோன் நூல்தான் சரக்கு. இடம் பத்தாமல் பழைய ரேக்கைக் கழற்றிவிட்டு ஷட்டில் ரேக் போட்டோம். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போக வேண்டியதில்லை. லேன் என்கிற ரேக் வரிசையின் வாயில் பேலட்டை, அதாவது சரக்கு அடுக்கிய பலகைத் தட்டை, வைத்தால் போதும்; ஷட்டில் என்கிற, ரெயிலில் ஓடும் பேட்டரி வண்டி அடியில் நுழைந்து தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்துவிடும். ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே பக்கம், மேற்குப் பக்கம்.

இப்போது என்னவென்றால், ஷட்டில் பாதி லேனில் நின்றுகொண்டு "முன்னால் தடை" என்று ரிமோட்டில் காட்டுகிறது. போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. காலையில் ஒழுங்காக ஓடும். நாலு மணிக்கு மேல்தான் இந்தக் கூத்து, அதுவும் கீழ் அடுக்கில். பேட்டரி மாற்றிப் பார்த்தாச்சு. சர்வீஸில் கேட்டால் ஷட்டிலின் எலக்ட்ரானிக் போர்டு போயிருக்கும் என்கிறார்கள். அவர்கள் சொல்கிற விலைக்கு முதலாளி என்னைத்தான் மாற்றுவார். இப்போதைக்கு நம்ம பையன் ஒருவன் ஊர்ந்து போய்த் தட்டிவிட்டு வருகிறான்.

பெருந்துறை மெயின்டனன்ஸ்:
தம்பி, முதலில் அந்தப் பையனை வெளியே கூப்பிடுங்க. சென்சாருக்குத் தடை விலகியதாகத் தோன்றினால் ஷட்டில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும். அது தூக்கிக்கொண்டிருப்பது ஒரு டன் சரக்கு. அவன் இருப்பதோ முழங்காலிட்டு நகரக்கூட முடியாத ரெயில் சந்தில்.

நின்ற ஷட்டிலை எடுக்க முறை இருக்கிறது. ரிமோட்டில் எமர்ஜென்சி அழுத்துங்க. இரண்டாவது ஷட்டில் இருந்தால் அதை அதே லேனில் விட்டு இழுத்து வரலாம். பல மாடல்களில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு, மேனுவலைப் பாருங்க. ஆள் போயே தீரவேண்டும் என்றால் சர்வீஸ்காரர் சொல்கிற முறைப்படிதான். ரிமோட் உள்ளே போகிறவர் கையில்தான் இருக்கணும், அந்த வரிசையில் ஃபோர்க்லிஃப்ட் ஓடக்கூடாது.

அப்புறம் ஒரு கேள்வி. நிற்பது உள்ளே போகும்போதா, வெளியே வரும்போதா?

பல்லடம் குடோன்:
சரிங்கண்ணா, பையனை நிறுத்தியாச்சு. இன்று உட்கார்ந்து கவனித்தேன். வெளியே வரும்போது மட்டும்தான் நிற்கிறது. இன்னொன்று, சில லேன்களில் பேலட்டுக்கும் பேலட்டுக்கும் நடுவே ஒரு சாண் சந்து விட்டு வைக்கிறது. முன்பு ஒட்டி ஒட்டித்தான் வைக்கும்.

சோமனூர் எலக்ட்ரீசியன்:
வெளியே வருவது மேற்கே பார்த்து, நேரம் நாலு மணி, கீழ் அடுக்கு. வெயில் காலமென்று ஷட்டரை முழுக்கத் திறந்து வைத்திருப்பீர்கள், இல்லையா? தாழ்ந்த வெயில் நேராகச் சென்சார் கண்ணில் அடிக்கிறது. இந்தச் சென்சார்கள் பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியை விட்டு, திரும்பி வருவதை வைத்துத்தான் எதிரே ஏதாவது இருக்கிறதா என்று முடிவு செய்கின்றன. வெயிலிலும் அதே ஒளி இருக்கிறது. மேல் அடுக்குக்கு ஷட்டரின் மேல்விளிம்பு நிழல் கொடுத்துவிடும், அதனால் அங்கே தொல்லை இல்லை.

சோதிக்கப் பைசா செலவில்லை. நாளை நாலரைக்கு ஷட்டரில் ஒரு தார்ப்பாயைக் கட்டிவிட்டு அதே லேனில் ஓட்டுங்கள். ஓடினால் போர்டுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

சந்து விடுவது வேறு கதை. ஷட்டில் எவ்வளவு தூரம் வந்தோம் என்பதைச் சக்கரம் சுற்றுவதை வைத்துக் கணக்குப் போடும். நூல் குடோனில் பஞ்சுத் தூசிக்கா பஞ்சம்? அது ரெயிலில் இருக்கும் எண்ணெயோடு சேர்ந்து சக்கரத்தில் திரியாகச் சுற்றிக்கொள்ளும். சக்கரம் வழுக்கும், கணக்கு தவறும். பேலட்டைப் பார்க்கிற சென்சார் கண்ணில் பஞ்சு படிந்தாலும் இதே மாதிரி முன்கூட்டியே நின்றுவிடும். காய்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். தின்னர் போடாதீர்கள், பிளாஸ்டிக் கண்ணாடி மங்கிவிடும். கம்ப்ரெசர் காற்றும் வேண்டாம், வெளியே இருக்கிற பஞ்சு பேரிங்குக்குள் போய் உட்காரும்.

அவினாசி ஃபோர்க்லிஃப்ட்:
பேலட்டையும் பாருங்க. மில்லுக்கு ஒரு மாதிரி பேலட் வரும். தரையில் ஜம்மென்று நிற்கிற பேலட், ரெயிலில் இரண்டு ஓரத்தில் மட்டும் உட்காரும்போது நடுவில் தொய்யும். கீழ்ப்பலகை விரிசல் என்றால் கேட்கவே வேண்டாம். சரக்கு சரியாமலிருக்க ஸ்ட்ரெச் ராப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிட்டு வாலைத் தொங்கவிடுகிற ஆட்களும் உண்டு. அந்த வால் சென்சார் முன்னால் ஆடினால் அதுவும் தடைதான். நான் லேன் வாயில் வைப்பதற்கு முன்னால் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிடுவேன்.

ஒரே பக்கம் ஏற்றி இறக்குகிற லேனில் லாட் கலக்காதீங்க, அதாவது வேறு வேறு தொகுதியில் தயாரான நூலை ஒன்றாக வைக்காதீங்க. பழைய லாட் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை எல்லாம் சேர்த்து அனுப்பினால் சாயம் ஏறிய பிறகு துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். அப்போது ஷட்டிலை யாரும் திட்டமாட்டார்கள், நம்மைத்தான்.

பல்லடம் குடோன்:
லேனுக்கு ஒரு லாட்தான்ங்க, அதில் கறாராக இருக்கிறோம்.

தார்ப்பாய் கட்டி ஓட்டினோம், நிற்கவே இல்லை! கழற்றினோம், இரண்டாவது பேலட்டிலேயே நின்றுவிட்டது. சக்கரத்தில் சோமனூர் அண்ணன் சொன்ன திரி அப்படியே இருந்தது. அதை எடுத்து, கண்ணாடியையும் துடைத்தபின் சந்து போய்விட்டது. ஒரு லேனில் மட்டும் இன்னும் விடுகிறது, அங்கே ரெயிலையும் துடைக்கச் சொல்லியிருக்கிறேன்.

தார்ப்பாய்க்குப் பதில் பிளாஸ்டிக் பட்டைத் திரை போடலாமா என்று முதலாளி கேட்கிறார்.

பெருந்துறை மெயின்டனன்ஸ்:
கண்ணாடி மாதிரி இருக்கிற பட்டை வெயிலைத் தடுக்காது. கறுப்புப் பட்டை தடுக்கும், ஆனால் அந்தப் பக்கம் ஆள் நிற்பது ஃபோர்க்லிஃப்ட் டிரைவருக்குத் தெரியாது. வண்டி போகிற வழியில் அதைப் போடாதீங்க. சென்சாருக்குச் சின்ன மறைப்புத் தகடு கிடைக்குமா, ஒளி அளவைக் கூட்டிக் குறைக்க முடியுமா என்று சர்வீஸில் கேளுங்கள். நீங்களாக எதையும் ஒட்டவேண்டாம், அது பாதுகாப்புச் சென்சார். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பினால் மேற்கு ஷட்டர் வழியாகத் தூசியும் வரும், அப்போது துடைப்பதைத் தினசரி வேலையாக்குங்க.

அதுவரைக்கும் ஷட்டருக்கு நேரே இருக்கிற லேன் சரக்கைக் காலையிலேயே இறக்கிவிடுங்க. சாயங்கால லோடை ஷட்டருக்கு நேரே இல்லாத லேன்களில் வைத்துக்கொள்ளலாம்.