கோடியக்கரையில் எடுத்த உள்ளான் படங்கள்: அடையாளம் காண உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கடந்த சனிக்கிழமை விடியுமுன்பே கோடியக்கரையில் நடக்கத் தொடங்கி, வெளிமான் கூட்டமொன்று புல்வெளியைக் கடக்கும்வரை காத்திருந்து, பின்னர் சேற்றுப்பரப்பில் இரைதேடிக்கொண்டிருந்த, சிட்டுக்குருவியளவே உள்ள உள்ளான்கள் என்னும் கரைப்பறவைகளைப் படமெடுத்தேன். முதலில் கொசு உள்ளான் என்றே எண்ணினேன். அதற்குக் கால்கள் கறுப்பாகவும், அதைப் போலவே தோன்றும் டெம்மிங்க் உள்ளானுக்கு மஞ்சள் கலந்த பச்சையாகவும் இருக்கும் என்பது தெரிந்திருந்தும், அப்பியிருந்த சேறும் எதிர்வெயிலும் (கிழக்குக் கரையில் காலை வேளையில் இது தீராத தொல்லை) நிறத்தை மறைத்துவிட்டன. மார்பின் சாயலையும் முதுகின் நிறத்தையும் மட்டும் கொண்டு, குளிர்காலத் தோற்றத்தில் இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்தறியலாம்? ஒரு பறவையின் காலில், ஆய்வாளர்கள் அடையாளத்துக்காக மாட்டும் வளையம் போன்ற ஒன்றும் தெரிகிறது. அதிலுள்ள எழுத்துகள் தெளிவாக இல்லாத நிலையில் அதை ஆய்வாளர்களுக்குத் தெரிவிப்பதால் பயனுண்டா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.