சிகாகோவில் பதிந்ததைக் குப்பையில் போட்டார்களா, இல்லையா?

கணவாய்க்காற்று:
வாஷிங்டன் நகரத்து பங்க் ராக் இசைக்குழுவான ஃபுகாசி, 1980இல் தொடங்கப்பட்ட டிஸ்கார்ட் என்னும் தங்கள் சொந்த நிறுவனத்தின் வழியாகவே இசைத்தட்டுகளை வெளியிட்டு, நுழைவுச்சீட்டை ஐந்து டாலரை ஒட்டியே வைத்து, பனியன்கூட விற்காமல் காலம் தள்ளியது. நம் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பையன்கள் மூன்று பாட்டுக்காகக் கோவைக்குப் போய் மணிக்கணக்கில் ஸ்டூடியோ வாடகை கொடுப்பதைப் பார்க்கும்போது, சிக்கனத்தை அவர்களிடம்தான் கற்க வேண்டும் என்று தோன்றுகிறது.

வேலந்தாவளத்தான்:
சிக்கனமா? 1992இல் சிகாகோவுக்குப் போய், ஸ்டீவ் அல்பினி என்னும் ஒலிப்பதிவாளரிடம் ஒரு முழுத் தொகுப்பையே பதிவு செய்து, பிறகு கேட்டுப் பார்த்துப் பிடிக்கவில்லை என்று குப்பையில் போட்டவர்கள் அவர்கள். அதே பாட்டுகளை வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனிலுள்ள இன்னர் இயர் ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் டெட் நைஸ்லியை வைத்து மறுபடியும் பதிந்துதான் 1993இல் வெளியிட்டார்கள். நெல்லை அறுத்துக் களத்தில் சேர்த்த பிறகு, மணி சரியில்லை என்று மறுபடி நாற்று நடுவதற்கு நம் ஊரில் எந்தச் சிறு விவசாயிக்கு வசதி இருக்கிறது?

சித்தூர் பாஸ்:
குப்பையில் போட்டார்கள் என்பது தவறு. சில பாட்டுகளைச் சோதனையாகப் பதிந்து பார்க்கத்தான் போனார்கள். அல்பினியோடு வேலை உற்சாகமாக ஓடியதால் அது முழுத் தொகுப்பாக நீண்டது. அதற்கு முந்தைய 1991ஆம் ஆண்டுத் தொகுப்பின்போது நைஸ்லி சமையற்கலை படிக்கப் போயிருந்ததால், குழுவினர் தாங்களே தயாரிப்பைப் பார்த்துக்கொண்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு வெளியாள் ஒருவரின் காது தேவைப்பட்டது. சோதனைப் பதிவை வெளியிடாமல் விடுவது வீணடிப்பு ஆகாது.

வேலந்தாவளத்தான்:
முழுத் தொகுப்பாக நீண்டது என்று தாங்களே எழுதுகிறீர்கள். அதை வெளியிட்டார்களா? இல்லை. ஆகவே குப்பையில் போட்டார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: முதலில் ‘தெற்று’ என்று மலையாளத்தில் எழுதிவிட்டுப் பிறகு ‘தவறு’ என்று திருத்தியதை நான் பார்த்தேன். தமிழில் வாதாட வருபவர் தமிழில் எழுதலாம்.

சித்தூர் பாஸ்:
‘தெற்று’ என்பது கிழக்குப் பாலக்காட்டில் என் பாட்டி நாள்தோறும் பேசிய சொல். மாநில எல்லைச் செக்போஸ்ட்டுக்கு நூறடி தள்ளி வீடு கட்டிக்கொண்டு எனக்குத் தமிழ் கற்பிக்க வேண்டாம்.

கணவாய்க்காற்று:
நண்பர்களே, நான் கேட்க வந்தது வேறு. அந்த 1993ஆம் ஆண்டுத் தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலான பில்போர்டு 200இல் 153ஆம் இடம் வரை மட்டுமே போனது. பெரிய நிறுவனம் எதிலும் சேராமல் அவ்வளவு தூரம் போனதை வெற்றி என்பதா, வெற்றியில் பாதி என்பதா?

வேலந்தாவளத்தான்:
153ஆம் இடம் பிடித்தது இரண்டாவது முறை பதிந்தது. முதல் முறை பதிந்தது குப்பையில்.

கொழிஞ்சாம்பாறை ரசிகை:
அல்பினி ராயல்டி வாங்காதவர். 2024இல் இறக்கும் வரை, கொத்தனாரைப் போல வேலைக்குக் கூலி மட்டும் வாங்கினார். ஆகவே அதைக் கிடப்பில் போட்டதால் அவருக்கு நட்டமில்லை. பதிவு சரியாக வரவில்லை என்று அவருக்கே பட்டதாகப் படித்திருக்கிறேன். மேலும் அந்தச் சிகாகோ பதிவு ரசிகர்களிடையே கைமாறி, இன்றும் இணையத்தில் கேட்கக் கிடைக்கிறது. குப்பையில் போனது எப்படி அண்ணா கைமாறும்?

வேலந்தாவளத்தான்:
குப்பையிலிருந்து பொறுக்குபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு, தங்கச்சி. கூலி கொடுத்தவன் யார் என்பதுதான் என் கேள்வி. இரண்டு முறை கூலி கொடுக்க முடிந்தவனை எளிய குழு என்று நம் பையன்களுக்கு உதாரணம் காட்டாதீர்கள். எனக்கு அனுபவம் இருப்பதால் சொல்கிறேன். எங்கள் குழு ஆறு பாட்டுகளைப் பதிந்து முடித்த அன்று இரவு, தாளம் ஓரிடத்தில் தளர்கிறது, எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்தார். அவர் இந்த உரையாடலிலேயே இருக்கிறார், பாஸ் கிட்டார் வாசிப்பார். இரண்டாம் முறைக்கான வாடகையை, என் டிரம்ஸை விற்று நான் கட்டினேன்.

சித்தூர் பாஸ்:
தாளம் ஓரிடத்தில் அல்ல, நான்கு இடங்களில் தளர்ந்தது. டிரம்ஸ் வாசித்தது யார் என்பதையும் எழுதியிருக்கலாம். ஃபுகாசி குழுவில் யாரும் தன் பிழையை மறைப்பதற்காகச் சிக்கனம் பேசவில்லை. நால்வரும் கேட்டார்கள், பிடிக்கவில்லை, மறுபடி வாசித்தார்கள். அவ்வளவுதான். அச்சடித்த குறுந்தகடுகளில் பாதிக்கு மேல் உங்கள் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கின்றன. திருவிழாக் கடையில் நின்று விற்கவும் தங்களுக்கு கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

கணவாய்க்காற்று:
இதற்குத்தான் அந்த நால்வரிடம் கற்க வேண்டும் என்றேன்.

வேலந்தாவளத்தான்:
பரணில் கிடப்பது வேறு, குப்பையில் போடுவது வேறு. நான் எதையும் குப்பையில் போடவில்லை. சிகாகோவில்தான் போட்டார்கள். மேலும் நான்கு இடங்கள் அல்ல, இரண்டு.