வெல்டரின் சோதனைக்கு ஒரு சொல்: தகைமையா, கைதேர்ச்சியா?

குழுவினருக்கு வணக்கம்.

வெல்டருக்கு வைக்கும் குவாலிபிகேஷன் டெஸ்டுக்குத் தமிழாகப் போன கிழமை இங்கே முன்வைக்கப்பட்ட "பற்றவைப்பாளர் தகைமைப் பரீட்சை" என்ற தொடரை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பற்றவைப்பு என்ற சொல்லோடு சண்டை இல்லை. தமிழ்நாட்டில் அது வழங்குகிறது. எங்கள் பாடநூலில் காய்ச்சியிணைத்தல் என்று படித்தோம். ஹட்டன் பட்டறையில் எல்லோரும் வெல்டிங் என்கிறோம். அது எப்படியும் இருக்கட்டும். எனக்குச் சிக்கல் தகைமை என்பதில்தான்.

தகைமை என்றால் இலங்கையில் ஒரு பையனுக்கு உடனே நினைவுக்கு வருவது தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ், எல்லோரும் என்.வி.கியூ. என்று சொல்வது. 1 முதல் 7 வரை மட்டங்கள். ஒரு மட்டத்தை எடுத்தால் எடுத்ததுதான். சாதாரண தரப் பெறுபேற்றைப் போலக் கோப்பில் வைத்துப் பூட்டிவிடலாம். கட்டடத்துக்கும் பாலத்துக்கும் இரும்பு பிடிக்கிற வெல்டரைச் சோதிப்பது வேறு சங்கதி. அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி 1.1 விதிநூலை எடுத்துக்கொள்ளுங்கள். வளைகுடாவுக்குப் போன என் மாணவர்கள் முகங்கொடுத்தது அதற்குத்தான். அதன்படி தேறியவன் "வெல்டிங் தெரிந்தவன்" ஆகிவிடுவதில்லை. எந்த முறையில் ஒட்டினான், தகடு எந்த நிலையில் நின்றது, எந்த வகை வெல்டிங் குச்சி, எவ்வளவு தடிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் வேலி இருக்கிறது. 10 மில்லிமீற்றர் தகட்டில் தேறினால் 20 மில்லிமீற்றர் வரைதான் ஒட்டலாம். 25 மில்லிமீற்றரில் தேறினால் மேல் எல்லை கிடையாது. நெட்டுக்குத்தாக நிறுத்திய தகட்டில், விதிநூலில் அதற்குப் பெயர் 3ஜி, தேறியவன் படுக்கையாகவும் குறுக்காகவும் ஒட்டலாம், ஆனால் தலைக்கு மேலே ஒட்டக்கூடாது. அதற்கு 4ஜி என்ற சோதனையைத் தனியாகச் செய்ய வேண்டும்.

இன்னொன்று இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியம். அந்த முறையில் தொடர்ந்து வேலை செய்துகொண்டே இருந்தால், கைவேலையில் சந்தேகம் எழாதவரை தேறியது தேறியபடியே நிற்கும். ஆறு மாதத்துக்கு மேல் கையை எடுத்துவிட்டால் போய்விடும், திரும்பவும் சோதனை. ஆறு மாதத்தில் காலாவதியாகும் தகைமையை நம் ஊரில் யாராவது கண்டதுண்டா? அந்தச் சொல்லை இதற்கு வைத்தால் பையன் ஏமாந்துபோவான். நானே ஏமாந்திருக்கிறேன்.

22 வருடத்துக்கு முன்பு கொழும்பில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் ஆட்சேர்ப்புக்குப் போனேன். அதற்கு முன் ஒன்பது வருடம் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலைகளில் வேலை. கொழுந்து வாட்டும் மாடியின் தொட்டிச் சட்டங்கள், கூரையின் இரும்புச் சட்டங்கள், தொழிலாளர் லயத்துக்குத் தண்ணீர்த் தாங்கி நிறுத்துகிற கால்கள் எல்லாம் என் கையால் ஒட்டியவை. சான்றிதழும் பையில் இருந்தது. சோதனையா, ஒரு மணித்தியால வேலை என்று நினைத்துக்கொண்டு போய் நின்றேன். 3ஜி தகட்டைக் கொடுத்தார்கள். மேலே பார்க்க அழகாகத்தான் போட்டேன். வளைத்தபோது அடிப்பக்கம் வாய் பிளந்தது.

ஏன் பிளந்தது என்பதைச் சொன்னால்தான் என் சொல்லுக்கு நியாயம் புரியும். இரண்டு தகட்டின் ஓரத்தையும் சரித்துச் சீவி எதிரெதிராக வைத்தால் 45 பாகையில் ஒரு வாய்க்கால். அடியில் 6 மில்லிமீற்றர் இடைவெளி. பின்னால் ஒரு பட்டையை முட்டுக் கொடுத்திருப்பார்கள், நான் அதை முட்டுப்பட்டை என்று சொல்லிக்கொடுக்கிறேன். தகடும் முட்டுப்பட்டையும் சேரும் அந்த இரண்டு மூலைதான் உயிர்நிலை. முதல் வரி போடும்போது இரண்டு மூலையிலும் கை நின்று, நடுவில் சட்டென்று கடந்து, மறுபடி நின்று ஏற வேண்டும். நான் நடுவில் நின்றேன், ஓரத்தில் கடந்தேன். கேட், கிரில் என்று ஒட்டிப் பழகிய கை அப்படித்தான் போகும். மூலையில் இரும்பு உருகவில்லை, கசடு போய் உட்கார்ந்தது. மேலே நான்கு வரி போட்டு மூடியதும் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. பிறகு முட்டுப்பட்டையை எடுத்துவிட்டு, மேல் புடைப்பையும் மட்டமாக அரைத்து, இரண்டு கீலமாக வெட்டினார்கள். ஒன்றை முகம் வெளியே வரவும் மற்றதை அடி வெளியே வரவும் குதிரைலாடம் போல வளைத்தார்கள். வெளிப்பக்கத்தில் 3 மில்லிமீற்றருக்கு மேல் ஒரு பிளவு திறந்தாலும் தள்ளுபடி. எனக்கு விரல் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது.

என் படிப்பையோ ஒன்பது வருட அனுபவத்தையோ அங்கே யாரும் சோதிக்கவில்லை. கையைச் சோதித்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், சொல்லும் கையிலிருந்து பிறக்கட்டும். "கவ்வாத்து வெட்டுறதுல கைதேர்ந்த ஆளு" என்று எங்கள் தோட்டத்தில் சொல்வார்கள். கைதேர்ந்த ஆசாரி, கைதேர்ந்த மேசன் என்று எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் கைதேர்தலிலிருந்து கைதேர்ச்சி. சோதனைக்குக் கைதேர்ச்சிச் சோதனை. 20 மில்லிமீற்றர் வரை என்ற வேலிக்குக் கைதேர்ச்சி எல்லை. ஆறு மாதம் வேலை விட்டால் "கை விட்டுப்போச்சு" என்பது ஏற்கெனவே நம் வாயில் இருக்கிற பேச்சு, புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை. எழுத்துப்பிழை என்று யாரும் எழுதுமுன் ஒன்று: கைதேர் என்று ஒரே வினையாக நின்று பெயரானதால் இங்கே ஒற்று மிகாது என்று நினைக்கிறேன். தவறானால் திருத்துங்கள்.

கூடவே சில சொற்கள். பையன்களுக்கு நான் எழுதும் கைந்நூலுக்குத் தேவை.

நிலைகளுக்குப் படுக்கை, குறுக்கு, நெட்டு, அண்ணாந்து என்று நான்கு. அண்ணாந்து என்பதை நான் ஆக்கவில்லை. தலைக்கு மேல் ஒட்டப் பழகிய ஒரு பையன், கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கும் அண்ணாந்துதானா சேர்?" என்று கேட்டான். அன்றிலிருந்து பட்டறையில் அதுதான் பெயர்.

வெல்டிங் ஓரத்தில் தாய்த்தகடு கரைந்து பள்ளமாகும் குறைக்கு ஓர அரிப்பு. மழைத் தண்ணீர் வடிகான் ஓரத்தை அரித்துக்கொண்டு போவதைப் பார்த்த பிள்ளைக்கு விளக்கமே தேவையில்லை. சோதனைத் தகட்டில் அது 1 மில்லிமீற்றருக்கு மேல் ஆழம் போகக்கூடாது.

பிறகு ஈரம். கட்டமைப்பு வேலைக்கு 7018 குச்சி. 70 என்பது சதுர அங்குலத்துக்கு 70,000 இறாத்தல் இழுவிசையைத் தாங்கும் என்பதற்கு, 1 எல்லா நிலையிலும் ஒட்டலாம் என்பதற்கு, 8 அதன் பூச்சைக் குறிப்பதற்கு. அந்தப் பூச்சில் ஈரம் ஏறினால் மின்வில்லின் வெப்பத்தில் நீர் பிரிந்து ஹைட்ரஜன் இரும்புக்குள் போய்விடும். ஆறிய பிறகு, சில வேளை அடுத்த நாள், ஒட்டில் வெடிப்பு விழும். மே மாதம் தென்மேற்குப் பருவம் தொடங்கினால் மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் துணிகூடக் காயாது, பட்டறைக்குள்ளேயே பனிமூட்டம் நடந்து வரும். பொதியைத் திறந்தால் குச்சியை 120 பாகை செல்சியசுக்குக் குறையாத பெட்டியில் வைக்க வேண்டும், வெளியே எடுத்தால் நான்கு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். பழைய குளிர்பெட்டிக்குள் பல்பு எரியவிட்டு அதில் குச்சியை வைப்பது நம் பட்டறைகளில் பார்க்கிற வழக்கம். அந்தச் சூடு இதற்குப் போதவே போதாது. நான் சொன்ன 120 பாகைப் பெட்டிக்குச் சூட்டுப்பெட்டி என்றும், வெளியில் கிடந்து ஈரமேறிய குச்சியை மறுபடி சூடேற்றுவதற்கு வாட்டுதல் என்றும் சொல்லலாமா? கொழுந்தில் ஈரம் போக்குவதற்கு நம்மிடம் இருக்கிற சொல்தானே.

ஹட்டனிலிருந்து.

மறுமொழி: யாழ்ப்பாணத்திலிருந்து

தம்பி, ஒற்று மிகாது என்பது சரி. கைதேர்ந்தான், கைதேர்ச்சி என்று ஒரே வழியில் வருகிறது. சொல்லும் நல்ல சொல். ஒரு தடை மட்டும். தேர்ச்சி என்பது அடைந்து முடிந்த நிலை. சோதனைக்குப் போகிறவனிடம் அது இன்னும் இல்லை. அப்படியிருக்கக் கைதேர்ச்சிச் சோதனை என்பது எப்படிப் பொருந்தும்? கைத்தேர்வு என்று வைத்தால் இந்தச் சங்கடம் வராது. வெல்டிங் என்பதை அப்படியே விட்டுவிடுவதையும் நான் ஒப்பமாட்டேன். காய்ச்சியிணைத்தல் இரண்டு தலைமுறை படித்த சொல்.

மறுமொழி: பண்டாரவளையிலிருந்து

அண்ணா, தொழிற்பயிற்சிக் கைந்நூல்களை மொழிபெயர்க்கிறவள் என்ற முறையில் கைதேர்ச்சிக்கு என் வாக்கு. எனக்குப் பெரிய தொல்லை இன்னொரு இடத்தில். வெல்டரைச் சோதிப்பது ஒன்று, வெல்டிங் முறையையே சோதிப்பது வேறொன்று. இந்த இரும்புக்கு இந்தக் குச்சி, இவ்வளவு ஆம்பியர், இவ்வளவு முன்சூடு என்று எழுதிவைத்த குறிப்பு சரிதானா என்று முதலில் ஒட்டிப்பார்த்து, இழுத்தும் வளைத்தும் உறுதிசெய்கிறார்களே, அது. இரண்டுக்கும் ஒரே "தகைமை" போட்டு நானே ஒரு பக்கத்தைக் குழப்பிவைத்திருக்கிறேன். கணக்குப் பாடத்தில் "நிறுவுக" என்று எழுதித்தானே வளர்ந்தோம்? அதற்கு முறைநிறுவல் என்று வைக்கலாமா? முறையை நிறுவுகிறோம், கை தேறுகிறது.

வாட்டுதல் மட்டும் வேண்டாம் அண்ணா. எங்கள் அப்பா தொழிற்சாலையில் வாட்டும் மாடியில்தான் வேலை செய்தார். அங்கே கொழுந்தின் மேல் போவது வெதுவெதுப்பான காற்று. நீங்கள் சொல்லும் குச்சியை 260 பாகைக்கு மேல் இரண்டு மணித்தியாலம் சூடாக்க வேண்டும் என்று என் கையிலுள்ள குறிப்பில் இருக்கிறது. வாட்டு என்று எழுதினால் தோட்டத்துப் பிள்ளை வெயிலில் காயவைத்துவிட்டு வந்து நிற்கும். நெருப்பில் வைத்துச் சுத்தமாக்குவதற்குப் புடம் போடுதல் என்று இருக்கிறதே.

மறுமொழி: ஹட்டனிலிருந்து

தங்கச்சி, புடம் போடுதல். ஒரு வார்த்தை மறுப்பில்லை. 260 முதல் 430 பாகை வரை, இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல், ஒரு குச்சிக்கு ஒரு தடவை மட்டும். பூச்சு நனைந்தே போயிருந்தால் புடமும் இல்லை, குப்பைதான். என் கைந்நூலில் வாட்டுதல் என்று வந்த மூன்று இடத்தையும் அடித்துத் திருத்திவிட்டேன். நீங்கள் சொன்ன அந்த வெயில் காட்சியை நான் உண்மையிலேயே பார்த்திருக்கிறேன், தகரத்தின் மேல் குச்சி பரப்பியிருந்தது. முறைநிறுவலையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, கண்பார்வைச் சோதனை என்கிறோம். பார்வை இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் அந்தப் பெயர். கைதேர்ச்சிச் சோதனையையும் அந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். கைத்தேர்வு என்றால் கையால் எழுதும் தேர்வு என்றோ ஆள் எடுப்பது என்றோ பொருள் ஓடும். தவறினவனுக்கும் இந்தச் சொல் இடம் கொடுக்கிறது: "கைதேர்ச்சிச் சோதனையில் தவறினான், உடனே மறுசோதனை கேட்டால் தவறிய நிலையில் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு இரண்டிலும் தேற வேண்டும்." வாயில் தடுக்காமல் வருகிறது. நான் நான்கு மாதம் மூலையில் கையை நிறுத்திப் பழகிவிட்டுத்தான் மறுபடி போனேன், அன்று கீலங்கள் திறக்கவில்லை. காய்ச்சியிணைத்தல் விடயத்தில் உங்களோடு ஒத்துப்போக இன்னும் முடியவில்லை, மன்னிக்க வேண்டும். பையன் வேலை கேட்டுப் போகும் இடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் தலையாட்டியதை நான் பார்த்ததில்லை.

3ஜி, 4ஜி என்ற எண்களை எடுக்க மாட்டேன். சான்றிதழில் அவைதான் இருக்கும். நெட்டு, அண்ணாந்து என்பவற்றைப் பக்கத்தில் எழுதுவேன்.

ஒரு சொல் இன்னும் கிடைக்கவில்லை. முட்டுப்பட்டை மூலையில் இரும்பு இரும்போடு உருகிச் சேராமல் போகும் குறை, என் தகட்டைப் பிளந்தது. பையன்கள் "பிடிக்கல" என்கிறார்கள். பற்றாமை என்று எழுதிப் பார்த்தேன், பற்றாக்குறை என்று படிக்கிறார்கள். இணையாமை என்றால் இரண்டு தகடு தனித்தனியாகக் கிடப்பது போல இருக்கிறது. மேலே மூடியிருக்கும், உள்ளே பிடித்திருக்காது, அதைச் சொல்ல வேண்டும். அடுத்த கிழமை வெள்ளிக்குள் யாராவது எழுதினால் நல்லது, சனிக்கிழமை கைந்நூல் அச்சுக்குப் போகிறது.