ரோஸ்மேரி எண்ணெய் தேய்த்த இடமெல்லாம் அரிப்பு

முடி கொட்டுகிறதென்று 7 வாரமாக ரோஸ்மேரி எசன்ஷியல் ஆயில் தேய்க்கிறேன். முதல் மாதம் தொல்லையே இல்லை. இப்போது 3 வாரமாக உச்சந்தலையிலும் காதுக்குப் பின்னாலும் ஒரே அரிப்பு. வகிடு சிவந்து, நகம் பட்டால் செதில் செதிலாக உரிகிறது.

30 மில்லி தேங்காய் எண்ணெயில் 12 சொட்டு, அதாவது சுமார் 2 சதவீதம். வாரம் 3 நாள் இரவில் தேய்த்துக் காலையில் அலசுவேன். கலக்காமல் ஒருநாளும் வைத்ததில்லை.

6 சொட்டாகக் குறைத்தேன், ஷாம்பூவை மாற்றினேன், பலனில்லை. சரி என்று 5 நாள் நிறுத்தினால் அடங்கியது. மறுபடி தேய்த்த மறுநாளே ஆரம்பித்துவிட்டது. அப்புறம் ஒரு முழங்கை மடிப்பில் கலவையும் மற்றதில் வெறும் தேங்காய் எண்ணெயும் வைத்துப் பார்த்தேன். கலவை பட்ட இடம் மட்டும் சிவந்தது.

பாட்டிலைத் திறந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது, அதுவும் ஜன்னலோரம் (என் சோம்பல்தான்). பழைய கற்பூர வாசனை போய் இப்போது டர்பன்டைன் நெடி. காற்றும் வெளிச்சமும் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்த எண்ணெய் தோலை அதிகம் உறுத்தும் என்று தெரியும்.

புது பாட்டில் வாங்கி மறுபடி முயலலாமா, இல்லை தோல் ஒவ்வாமையே வந்துவிட்டதென்று ரோஸ்மேரியை அடியோடு விட்டுவிட வேண்டுமா?