வெளி நிபுணர்களுக்காகத் தளம் கட்டியாயிற்று, உள்ளே வரத்தான் ஆள் இல்லை

பம்புசெட்டு எழுதியது:

வணக்கம். நாங்கள் பம்பும் வால்வும் வடிவமைக்கிற சின்ன நிறுவனம், பொறியாளர்கள் 14 பேர். எல்லாத் துறைக்கும் சொந்தமாக ஆள் வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது என்பதால் அரிப்பு, அதிர்வு, கசிவைத் தடுக்கும் சீல் என்று ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து நிபுணரைக் கூப்பிடுவோம். இதுவரை எல்லாம் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும்தான் ஓடியது. ஒரே வரைபடம் 'ஃபைனல்', 'ஃபைனல்2', 'ஃபைனல் புதுசு' என்று மூன்று பேரிடம் மூன்று விதமாகக் கிடக்கும். போன வருடம் அதிர்வு நிபுணர் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் கணக்குப் போட்டுவிட்டார், அதற்கும் பணம் கொடுத்தோம். அப்புறம்தான் முதலாளி, எல்லோரும் ஒரே இடத்தில் வேலை செய்கிற மாதிரி ஓர் இணையத்தளம் கட்டச் சொன்னார்.

நானும் இன்னொருவரும் ஐந்து மாதம் உட்கார்ந்து கட்டினோம். கோப்புகள், பணிப்பட்டியல், அரட்டை, வீடியோ அழைப்பு, நிபுணர்களுக்கு சுயவிவரப் பக்கம், நட்சத்திர மதிப்பீடு எல்லாம் இருக்கிறது. அடுத்த மாதம் திறப்பு. சோதனைக்கு 30 நிபுணர்களை அழைத்தோம். 11 பேர் கணக்குத் தொடங்கினார்கள், ஒரே ஒருவர் ஒரே ஒரு கோப்பைத் திறந்தார், அவரும் கருத்தை மின்னஞ்சலில்தான் அனுப்பினார். திறப்பைத் தள்ளிப்போடலாமா, இல்லை திறந்தால் தானாக வருவார்களா? இதற்கிடையில் சட்டப் பிரிவு, முதல் பக்கத்திலேயே 9 பக்க ரகசியக்காப்பு ஒப்பந்தத்தைப் போடு என்று நிற்கிறது.

உலோகக்காரர் எழுதியது:

நீங்கள் அழைத்த அந்த 30 பேரில் நான் இல்லை, ஆனால் அவர்களை மாதிரி ஆள். 22 வருடமாக, உடைந்த பாகத்தைப் பார்த்து ஏன் உடைந்தது என்று சொல்வதுதான் பிழைப்பு. என்னிடம் ஆறு வாடிக்கையாளர்களின் ஆறு தளங்களுக்குக் கணக்கு இருக்கிறது, ஆறு கடவுச்சொல், அதில் இரண்டு 90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும். வருடத்தில் இரண்டு தடவை போகிற வீட்டுக்கு யாராவது சாவிக்கொத்து வைத்துக்கொள்வார்களா?

ஒரு கதை சொல்கிறேன். உடைந்த ஷாஃப்ட் ஒன்றின் படங்களைத் தளத்தில் ஏற்றியிருந்தார்கள். திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கியதில் சோர்ந்து உடைந்த உலோகத்தின் முகத்தில், அலை வாங்கிய பிறகு மணலில் தெரியுமே, அந்த மாதிரி வளைந்த மெல்லிய வரிகள் இருக்கும். அந்த வரிகள் எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகின்றன என்று பார்த்தால் விரிசல் எங்கே ஆரம்பித்தது என்று சொல்லிவிடலாம். அந்தத் தளம் படத்தைச் சுருக்கித்தான் சேமித்திருந்தது, வரி ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைசியில் மூலப் படத்தை மின்னஞ்சலில் கேட்டு வாங்கித்தான் வேலையை முடித்தேன். விரிசல் சாவிக்குழியின், அதாவது சக்கரத்தைப் பூட்ட ஷாஃப்டில் வெட்டுகிற பள்ளத்தின், மூலையில் ஆரம்பித்திருந்தது, வடிவமைப்பிலேயே அந்த மூலை கூராக இருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 'உடைந்ததற்குக் காரணம் உங்கள் வடிவமைப்புதான்' என்று சொல்லத்தான் என்னைக் கூப்பிடுகிறீர்கள். அதே ஆள் எனக்கு நட்சத்திரம் போடுவார் என்றால் நான் வாயைத் திறப்பேனா? அதைத் தூக்கிவிடுங்கள். 9 பக்க ஒப்பந்தமும் அப்படித்தான். பிரச்சினை என்ன, என் துறையா, எவ்வளவு நாள் வேலை என்று நாலு வரி தெரிந்த பிறகு கையெழுத்துக் கேளுங்கள், போடுகிறேன். என்னவென்றே தெரியாத விஷயத்துக்குக் கையெழுத்து கேட்டால் மூடிவிட்டுப் போய்விடுவேன்.

கடைசிவரி எழுதியது:

உலோகக்காரர் சார் சொன்னதைத் தொழில்நுட்பமாகச் சொன்னால்: கடவுச்சொல் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் போகிற ஒருமுறை இணைப்பில் உள்ளே விடுங்கள். ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி மின்னஞ்சல் முகவரி கொடுங்கள், அவர் வழக்கம்போல் 'பதில்' அழுத்தி எழுதினால் அது தளத்தில் உரிய இடத்தில் போய் உட்காரட்டும். உங்களுக்கு மின்னஞ்சலில் பதில் போட்ட அந்த ஒருவர் தப்பு செய்யவில்லை, வழி காட்டியிருக்கிறார். அரட்டையும் வீடியோவும் தேவையே இல்லை, அதற்கு ஏற்கெனவே எல்லோரிடமும் ஏதாவது இருக்கிறது. உங்கள் உண்மையான நோய் மூன்று 'ஃபைனல்'. ஒரு வரைபடத்துக்கு ஒரே இணைப்பு, திறந்தால் எப்போதும் கடைசிப் பதிப்பு, பழையதைத் திறந்தால் மேலே சிவப்பில் 'இது பழையது'. அது போதும்.

அனுமதி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். வெளி ஆளை நிறுவனத்துக்குள் சேர்க்காதீர்கள், அந்தத் திட்டத்துக்குள் மட்டும் சேருங்கள், ஒவ்வொரு அனுமதிக்கும் முடிவுத் தேதி கட்டாயம். நான் முன்பு இருந்த இடத்தில் ஒரு தணிக்கையில் தெரிந்தது: வேலை முடிந்து இரண்டு வருடம் ஆன ஒரு ஆலோசகரின் கணக்கு உயிரோடு இருந்தது, அவர் அதற்குள் போட்டி நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். அவர் எதையும் எடுக்கவில்லை என்று பதிவேட்டைப் பார்த்து உறுதி செய்யும்வரை எங்களுக்குத் தூக்கம் இல்லை. இன்னொன்று, கோப்பைப் பூட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது தேடல் பெட்டி கோப்பின் பெயரைக் காட்டிக்கொடுத்துவிடும். பெயரே பாதி ரகசியம்.

சட்டப் பிரிவிடம் ரகசியத்தோடு உரிமையையும் கேளுங்கள். பணம் கொடுத்துவிட்டால் வரைந்தது நமக்குச் சொந்தம் என்று நினைக்கிறோம். ஊழியர் அல்லாத ஒருவர் செய்த வேலையின் பதிப்புரிமை (காப்பிரைட்), எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை அவரிடமே இருக்கும் என்பதுதான் பல நாட்டுச் சட்டம்.

வெட்டிப்பேச்சு எழுதியது:

எல்லாம் சரி, 30 பேரை அழைத்தீர்களே, என்ன வேலை கொடுத்தீர்கள்?

பம்புசெட்டு எழுதியது:

வேலை எதுவும் கொடுக்கவில்லை. 'சுற்றிப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்' என்று மட்டும் எழுதியிருந்தோம். இப்போது எழுதும்போதே புரிகிறது.

பழையகணக்கு எழுதியது:

அப்படியென்றால் வந்த 11 பேருக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும்.

வெளி ஆட்களோடு சேர்ந்து பெரிதாகச் சாதித்த கதைகளை எடுத்துப் பாருங்கள், எதிலும் தளம் கதாநாயகன் கிடையாது. கோல்ட்கார்ப் என்ற கனடா தங்கச் சுரங்க நிறுவனம் 2000-இல் தன் ரெட் லேக் சுரங்கத்தின் நிலவியல் தரவு சுமார் 400 மெகாபைட்டை இணையத்தில் போட்டு, அடுத்து எங்கே தோண்டலாம் என்று கேட்டது, பரிசு 5,75,000 டாலர். சுரங்கக்காரர்கள் பூட்டி வைக்கும் தரவை வெளியே போட்டதுதான் அங்கே பெரிய விஷயம்.

2001-இல் எலி லில்லி மருந்து நிறுவனத்திலிருந்து கிளம்பிய, பரிசு வைத்து வெளி ஆட்களிடம் விடை கேட்கிற இன்னோசென்டிவ் தளத்தில் நடந்தது இன்னும் பொருத்தம். அலாஸ்காவின் குளிரில் கடலில் கொட்டிப்போய்ச் சேகரித்த எண்ணெய் கெட்டியாகிவிடுகிறது, படகிலிருந்து பம்பு செய்ய முடியவில்லை. 2007-இல் அதற்கு விடை சொன்னவர் எண்ணெய்த் துறைக்காரரே அல்ல. கான்கிரீட் ஊற்றும்போது இறுகாமல் இருக்க அதிர்வுக்கருவி விடுவதைப் பார்த்திருந்தவர், அதையே எண்ணெய்க்கும் சொன்னார், 20,000 டாலர் பரிசு. கேள்வியை எண்ணெய்க்காரர்களின் குழூஉக்குறியில் எழுதியிருந்தால் அவர் தாண்டிப் போயிருப்பார். உங்களுடையது போட்டி இல்லை என்று தெரியும், ஆனாலும் கேள்வி எழுதுகிற வேலை அதேதான். 'பம்பு அதிர்கிறது, பார்க்கவும்' என்றால் யாரும் தொடமாட்டார்கள். எந்த வேகத்தில் அதிர்கிறது, என்னென்ன செய்து பார்த்தீர்கள், எது பலிக்கவில்லை, என்ன கிடைத்தால் திருப்தி என்று அரைப் பக்கம் எழுத ஒரு பொறியாளருக்கு ஒரு முழு நாள் ஆகும், ஆகட்டும்.

அப்புறம் விடை வந்தால் வாங்கிக்கொள்ள உள்ளே ஆள் வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் 2009-இல் பரிந்துரை முறையை 10 சதவீதம் மேம்படுத்தியவர்களுக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தது. ஆனால் வென்ற முழுத் தீர்வைத் தன் அமைப்பில் பொருத்தவில்லை, கிடைக்கும் பலனுக்கு அந்த வேலை அதிகம் என்று விட்டுவிட்டார்கள். உங்கள் 14 பேரில் யார் நிபுணரின் பதிலை இரண்டு நாளுக்குள் படித்துத் திருப்பிக் கேள்வி கேட்பார் என்று பெயர் சொல்ல முடியாவிட்டால் தளத்தை இப்போது திறக்காதீர்கள்.

பம்புசெட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திறப்பைத் தள்ளிவைத்தாயிற்று. முதலில் ஒரே வேலை, அதிர்வுப் பிரச்சினை ஒன்று, இரண்டே நிபுணர்கள், உள்ளே பொறுப்புக்கு ஒருவர். கேள்வியை எழுத உட்கார்ந்தால் எந்த வேகத்தில் அதிர்கிறது என்பதிலேயே எங்கள் ஆட்களுக்குள் சண்டை, நிமிடத்துக்கு 1,450 சுற்று என்கிறார் ஒருவர், 2,900 என்கிறார் இன்னொருவர். நாளை திரும்ப அளக்கிறார்கள்.

உலோகக்காரர் சார், நீங்கள் சொன்னதும் போய்ப் பார்த்தேன், எங்கள் தளமும் படத்தை 1,600 பிக்சலுக்குச் சுருக்கிக்கொண்டுதான் இருந்தது. ஒரே வரி நிரல், எடுத்துவிட்டேன். நட்சத்திரத்தையும் எடுத்துவிட்டேன், முதலாளியிடம்தான் இன்னும் சொல்லவில்லை.